நல்ல கிழிசல், கெட்ட கிழிசல்

"எல்லாம் புதுசா இருக்கு," என்றான் ரோரி, செத்த எலியைப் பார்த்தவன்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு.

இஸ்திரிச் சூடு ஆறாத எட்டு உருப்படிகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான்கு ஜீன்ஸ் ஜாக்கெட், நான்கு ஜீன்ஸ் பேன்ட்.

"நேத்து ராத்திரிதான் காஜா எடுத்து முடிச்சேன். புதுசா இல்லாம பின்ன எப்படி இருக்கும்?" என்றாள் நெரிடா.

"டார்லிங், இவங்க ராக் பாடகருங்க. ரோட்ல படுத்து எழுந்தவங்க. நீங்க தைச்சதைப் போட்டா நாலு பேரும் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி இருக்கு."

நெரிடாவுக்குச் சுருக்கென்றது. போர்ட் பிரீ ஊரில் பள்ளிச் சீருடை விற்கும் ஒரே கடை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாகச் சாம்பல் நிற அரைக்கால் சட்டைகளுக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தான் பிறந்தது அதற்காக அல்ல என்று ஊரில் அவள் சொல்லாத ஆள் கிடையாது. நாடகக் குழுவுக்கு அவள்தான் ஆடை வடிவமைப்பாளர். அந்தப் பட்டத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ரோரி லண்டனில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தவன். அதில் ஏழு மாதம் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவினான் என்பதை அவன் அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஆனாலும் இந்த ஊரின் கோடைக்காலமான, வெயில் நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தும் ஜனவரியில் கழுத்தில் கறுப்பு மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிந்தான். அவனே எழுதி அவனே இயக்கும் நாடகத்துக்கு 'உலையில் பிறந்தவர்கள்' என்று பெயர். இந்த உருக்காலை ஊரில் நான்கு இளைஞர்கள் 'இரும்புப் பூனைகள்' என்று ஒரு ராக் குழு தொடங்கி, குடித்து, ஓட்டல் அறைகளை உடைத்து, இரண்டாம் பாகத்தில் வரிசையாகச் செத்துப் போகிறார்கள். அப்படி ஒரு குழு இந்த ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ரோரி அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

அந்த நான்கு இளைஞர்களாக நடிப்பவர்களின் வயதைக் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு வரும். தலைமைப் பாடகன் வேடம் டாரிலுக்கு. டயர் கடை வைத்திருக்கிறான். பட்டினியால் வாடிய இருபத்திரண்டு வயதுப் பையனாக அவன் மேடைக்கு வரும்போது அவனுக்கு முன்னால் அவன் தொப்பை வந்து சேரும். டிரம்ஸ் அடிப்பவர் ஊர்ப் பல் டாக்டர்.

இந்தக் கூத்தையெல்லாம் நெரிடா பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். மாநிலத் தலைநகரான அடிலெய்டில் இருக்கும் பெரிய நாடக அரங்கத்தின் ஆடைப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒன்பது வருடத்தில் மூன்று முறை அவள் அங்கே விண்ணப்பித்து மூன்று முறையும் இல்லை என்று பதில் வந்திருந்தது. இந்தத் தடவை அந்தப் பிரிவின் தலைவி இங்க்ரிட் ஹோய்ஸ்லரே இரண்டு வரி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு வருகிறேன், உங்கள் வேலையைப் பார்க்கிறேன் என்று. இது கிடைத்தால் கடையைப் பூட்டிச் சாவியை வளைகுடாவில் எறிந்துவிடலாம். கிடைக்காவிட்டால் சாகும்வரை அரைக்கால் சட்டைதான். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"பழசா ஆக்கணும், அவ்வளவுதானே?" என்றாள். "பார்த்துக்கோ தம்பி, பழசுன்னா என்னன்னு காட்டறேன்."

காட்டினாள். சீஸ் துருவியை எடுத்து முழங்கால்களைத் துருவினாள். முழங்கைகளை உப்புத்தாளால் தேய்த்தாள். பிளீச் தெளித்தாள், கெட்டி டீயில் ஊறப்போட்டாள். எட்டையும் மூட்டையாகக் கட்டித் தன் வண்டியின் பின்னால் கயிற்றில் மாட்டி, ஜல்லிச் சாலையில் இரண்டு மைல் இழுத்துப் போனாள். வழியில் ஒருவன் வண்டியை மறித்து, "ஏம்மா, நாயைக் கட்டி வச்சுட்டு மறந்துட்டியா?" என்று பதறினான். நாய் இல்லை, இது கலை என்றாள் அவனிடம். கடைசியாகக் கத்தரியும் ஊசியுமாக உட்கார்ந்து ஒவ்வொரு கிழிசலாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். இடது முழங்கால் கிழிசல் ஒன்றுக்கு மட்டும் ஒரு முழு மதியம் போயிற்று. சனிக்கிழமை மாலை கம்பியில் மாட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தபோது அவள் கண்ணே கலங்கிவிட்டது. அடிலெய்டு என்ன, லண்டன்காரன் பார்த்தாலும் எழுந்து நிற்பான் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கம்பியில் எட்டு உருப்படிகள் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணித் தொங்கின. ஒரு கிழிசலைக் காணவில்லை. ஜீன்ஸ் நான்கிலும் நடுவில் கத்திபோல மடிப்பு நின்றது.

பக்கத்தில் முக்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கோசிமோ உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. அப்பா இத்தாலியிலிருந்து வந்த மீனவர். இவரும் நாற்பத்தாறு வருடம் வளைகுடாவில் மீன் பிடித்துவிட்டுப் போன வருடம்தான் படகை விற்றார். அன்றிலிருந்து வீட்டில் பெண்டாட்டியின் காலைச் சுற்றிக்கொண்டு சமையலில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கேயாவது போய்த் தொலைங்கள் என்று அவள் விரட்ட, போன வியாழக்கிழமை நாடகக் குழுவில் வந்து சேர்ந்திருந்தார். உடை அறையில் ஏதாவது ஒத்தாசை செய்யுங்கள் என்று ரோரி சொல்லியிருந்தான்.

"நாப்பத்தொண்ணு," என்றார் கோசிமோ பெருமையாக. "எண்ணித் தைச்சேன் அம்மணி. ஒண்ணுகூட விடல. பாவம், யார் வீட்டுத் துணியோ, நல்லா எலி கடிச்சிருக்கு."

நெரிடா ஒரு ஜீன்ஸை எடுத்து முழங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"எலி கடிக்கல," என்றாள் கடைசியில். "நான்தான் கிழிச்சேன்."

கோசிமோ அவளை ஒரு நிமிடம் கவலையோடு பார்த்தார். "எட்டையுமா?"

"எட்டையும்."

"அம்மணி, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

"இது வேஷத்துணி! கிழிஞ்சுதான் இருக்கணும்! இவங்க ராக் பாடகருங்க!"

"பாடற பசங்கன்னா கிழிஞ்சு கிடக்கணுமா? அவனுங்களுக்கும் ஒரு அம்மா இருக்க மாட்டாளா?"

அவரோடு பேசிப் பயனில்லை. வலையில் ஒரு கண் அறுந்தால் மீன் போய்விடும் என்று நாற்பத்தாறு வருடம் கை பழகிய மனுஷன். ஓட்டையைக் கண்டால் அவர் விரல் சும்மா இருக்காது. அவர் வீட்டு ஜன்னல் கொசுவலையில் ஒரு கொசு நுழைந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். நெரிடாவுக்கோ இதெல்லாம் காதில் ஏறவில்லை. கிழவர், மூளை மழுங்கிவிட்டது, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் இங்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று தனக்குள் தீர்ப்பெழுதிவிட்டாள்.

திரும்பவும் கிழிக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது, கிழவர் தைத்த இடம் கிழியாது. இழைக்கு இழை கோத்து, நீலத்துக்கு நீலம், வெளுப்புக்கு வெளுப்பு நூல் தேடி நெய்திருந்தார். துருவியை வைத்துத் தேய்த்தால் துருவியின் பல்தான் மழுங்கியது. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதிதாகக் கிழித்தாள். முதலில் செய்ததில் இருந்த அழகு இதில் இல்லை. மூன்று நாள் கடையைத் திறக்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கையில் அம்மாக்கள் கடைக் கதவைத் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை மாலை கம்பியின்மேல் பெரிய எழுத்தில் ஓர் அட்டையை மாட்டினாள்: 'யாரும் தொடக் கூடாது. மீறினால் நடப்பதே வேறு. நெரிடா.'

கோசிமோ அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் தொடவில்லை. சிக்கல் என்னவென்றால், வேறு யாரும் தொடவில்லை.

வியாழக்கிழமை உடையோடு ஒத்திகை. திரை விலகியது. உலையில் பிறந்த நான்கு இரும்புப் பூனைகளும் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு மேடையில் நின்றன. பல் டாக்டர் காலர் வைத்த வெள்ளை டீஷர்ட் போட்டிருந்தார்.

"என்ன இது?" என்று கத்தினான் ரோரி. மஃப்ளர் அவன் வாய்க்குள் போய் வந்தது.

"போர்டு போட்டிருந்துச்சு," என்றான் டாரில். "அக்கா கையெழுத்துதான். நடப்பதே வேறுன்னு போட்டிருந்துச்சு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டோம்."

"அது உங்களுக்கு இல்லடா, தடியா!" என்றாள் நெரிடா.

"அப்போ யாருக்குன்னு எழுதணும்ல?"

நெரிடா பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையைத் திருப்பி எழுதினாள்: 'உடுத்தலாம். தைக்கக் கூடாது.' ஒத்திகை மறுபடி தொடங்கியது. இரண்டாவது பாட்டில் டாரில் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து குதிக்க வேண்டும். குதித்தான். அவ்வளவு துருவி, அவ்வளவு இழுத்து, இரண்டு தடவை கிழித்த துணி, தொப்பையோடு சேர்த்து அவன் கனத்தைத் தாங்குமா? பின்பக்கம் சர்ரென்று இடுப்புவரை திறந்துகொண்டது. ஊர்க் கால்பந்துக் குழுவின் சிவப்பு வெள்ளைக் கோடுபோட்ட ஜட்டி தெரிந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக் குனிந்த பல் டாக்டருக்குத் தொடையிடுக்கு போயிற்று. கை தூக்கிய இன்னொருவனுக்கு அக்குள் போயிற்று.

ரோரி கன்னத்தில் விரல் வைத்து யோசித்தான். "இதை அப்படியே வச்சுக்கலாமா? ஒரு உண்மை இருக்கு இதுல."

"நாளைக்கு முன்வரிசையில என் பேஷன்ட் பதினொரு பேர் உக்காரப் போறாங்க," என்றார் பல் டாக்டர். "உண்மையெல்லாம் வேண்டாம்."

நெரிடா டாரிலின் பேன்டை வாங்கி மிஷினில் வைத்து ஓட்டினாள். ஊசி போன இடமெல்லாம் துணி பொடிந்து, ஒரு சாண் கிழிசல் ஒரு முழம் ஆயிற்று. இன்னும் அகலமாக ஒட்டுப்போட்டு ஓட்டினாள். ஒட்டு நின்றது, சுற்றி இருந்த துணி கழன்றது. மிஷின் வேலைக்கு அந்தத் துணி ஆகாது என்பதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். ஆனால் அரைமணி நேரம் கழித்து முக்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பெரியவரே, இதை மட்டும் தைக்கணும்."

கோசிமோ அட்டையைக் காட்டினார். "தைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"அது மத்த கிழிசலுக்கு. இது வேற கிழிசல்."

"எது நல்ல கிழிசல், எது கெட்ட கிழிசல்னு எனக்கு எப்படித் தெரியும் அம்மணி? எனக்கு எல்லாம் ஓட்டையாத்தான் தெரியுது."

"நாளைக்குக் காலையில சாக்பீஸால குறி போட்டு வைக்கறேன். வெள்ளை வட்டம்னா நல்ல கிழிசல், கை வைக்கக் கூடாது. நீல வட்டம்னா கெட்டது, அதை மட்டும் தைக்கணும். புரிஞ்சுதா?"

"வெள்ளை நல்லது. நீலம் கெட்டது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொல்ல வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மூன்று தடவை சொல்ல வைத்தாள். அவரும் முகம் கோணாமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து நாற்பத்தொரு வெள்ளை வட்டம், மூன்று நீல வட்டம் போட்டுவிட்டு நெரிடா கடைக்கு ஓடினாள். அன்றைக்கும் கடை திறக்காவிட்டால் அம்மாக்கள் கதவை உடைத்திருப்பார்கள். வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை நின்றது. பகல் முழுவதும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. காலுறை அளவு கேட்பார்கள் என்று அவள் எடுக்கவில்லை. அவள் மனமெல்லாம் இங்க்ரிட்டிடம் எதை முதலில் சொல்வது என்பதிலேயே இருந்தது. 'கிழிசல்தான் என் மொழி' என்று ஒரு வாக்கியம் தோன்றியது. ஒரு பையனின் இடுப்பை அளந்துகொண்டே அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பையனின் அம்மா பையனை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாலை ஆறு மணிக்கு அரங்கத்துக்கு வந்தாள். ஏழரைக்குத் திரை. உடை அறைக் கதவைத் திறந்தாள்.

எட்டு உருப்படிகளும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணித் தொங்கின.

அலறல் கேட்டு ரோரி ஓடி வந்தான்.

"வெள்ளை வட்டம்!" என்றாள் நெரிடா. "வெள்ளை வட்டம் எங்க?"

"அதுவா?" என்றான் ரோரி. "லைட் போட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் பளிச்சுனு தெரிஞ்சுது டார்லிங், முழுக்க வட்டவட்டமா, அம்மை போட்ட மாதிரி. ஈரத்துணியால நானே துடைச்சுட்டேன். நீங்க இதையெல்லாம் கவனிக்கணும்."

"நீலத்தையும் துடைச்சியா?"

"கலர் பார்த்தா துடைப்பாங்க?"

கோசிமோ முக்காலியிலிருந்து எழுந்தார். கண் சிவந்து விரல்நுனி வீங்கியிருந்தது. "காலையில இருந்து பதினாலு தடவை போன் பண்ணேன் அம்மணி. நீங்க எடுக்கல. குறி ஒண்ணும் இல்ல. எது நல்லது எது கெட்டதுன்னு எப்படிச் சொல்றது? கெட்டதை விட்டுட்டா அந்தப் பையன் மானம் போயிரும். நல்லதைத் தைச்சுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதான் எல்லாத்தையும் அடைச்சுட்டேன்."

"மடிப்பு எதுக்கு? மடிப்பு யார் கேட்டா?"

"முதல் காட்சியாச்சே," என்றார் கோசிமோ.

நெரிடா கத்தரியை எடுத்துக்கொண்டு ஜாக்கெட்டின்மேல் பாய்ந்தாள். தைத்த இடம் அசையவில்லை. தைக்காத இடம் என்று ஒன்று மிச்சமில்லை. ஒரு மணி நேரம் மூச்சிரைக்கக் குத்தினாள், கத்தரியின் மூக்கு வளைந்தது. கோசிமோ தன் கண்ணெதிரே படகு மூழ்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. டாரில் உள்ளே வந்து பேன்டை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தான்.

"சூப்பரா இருக்குக்கா. எங்கேயும் பிடிக்கல."

அவனை அவள் பார்த்த பார்வையில் அவன் பேசாமல் மேடைக்குப் போய்விட்டான்.

இங்க்ரிட் ஹோய்ஸ்லர் மூன்றாவது வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, நரைத்த குட்டை முடி, மடியில் ஒரு நோட்டு. நெரிடா பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று நாடகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரை விலகியது. தெருவில் படுத்து எழுந்த நான்கு ராக் பாடகர்கள், மடிப்புக் கலையாத ஜீன்ஸோடு வரிசையாக நின்றார்கள். பின்வரிசையில் யாரோ, "எந்த பேங்க்ல வேலை பார்க்கறீங்க?" என்று குரல் கொடுத்தான். அரங்கம் சிரித்தது. 'சாக்கடையில் புரண்டு வந்தோம்' என்று டாரில் பாடியபோது இன்னும் பலமாகச் சிரித்தது. பல் டாக்டர் கோபத்தில் டிரம்ஸ் குச்சியைப் பற்களுக்கிடையே கடித்தார். அவருடைய பேஷன்ட்கள் பதினொரு பேரும் கைதட்டினார்கள்.

இரண்டாவது பாட்டின் முடிவில் டாரில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து குதித்தான். ஒன்றும் கிழியவில்லை. அந்தத் தைரியத்தில், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தான். ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்குமேல் சுற்றிச் சபையில் வீசினான். அது பறந்து போய் இங்க்ரிட்டின் மடியில் விழுந்தது.

நெரிடா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

இங்க்ரிட் ஜாக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். கையை உள்ளே விட்டு உட்புறம் வெளியே வரும்படி புரட்டினார். முழங்கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தோளை விரலால் தடவினார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார். மேடையில் ஓட்டல் அறை உடைந்தது, ஒருவன் செத்தான், இன்னொருவன் செத்தான். அவர் நிமிரவில்லை. ஜாக்கெட்டைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். ஒவ்வொரு வரியும் தன் நெஞ்சில் எழுதப்படுவதாக நெரிடாவுக்குத் தோன்றியது. ஒன்பது வருடம், நான்கு விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் ஒரு மீன்காரர் சமாதி கட்டிவிட்டார். அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. அழுகையை விழுங்கிவிட்டு ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஒன்றை முடிவு செய்தாள். இந்த அவமானத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று இங்க்ரிட் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். தன் கிழிசல்களை இன்னொரு நாள் காட்டிக்கொள்ளலாம்.

நாடகம் முடிந்தது. மடிப்பு வைத்த பூனைகளுக்கு ஊர் எழுந்து நின்று கைதட்டியது. இதைவிட நல்ல நகைச்சுவை நாடகம் இந்த மேடையில் வந்ததில்லை என்று மேயரே சொன்னார். ரோரி மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏணியில் உட்கார்ந்திருந்தான்.

இங்க்ரிட் ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு உடை அறைக்கு வந்தார். உள்ளே நெரிடாவும், முக்காலியை விட்டு எழப்போன கோசிமோவும் இருந்தார்கள்.

"நெரிடா நீங்கதானே?" என்றார் இங்க்ரிட். "இந்தத் தையலைப் பத்தித்தான் கேக்க வந்தேன்."

"அது என் வேலை இல்ல!" என்றாள் நெரிடா, அவர் முடிப்பதற்குள். "முதல்லயே சொல்லிடறேன். அதுல ஒரு ஊசிகூட நான் குத்தல. எல்லாம் இதோ இவர் பண்ணது."

"இவரா?"

"இவர்தான். பேர் கோசிமோ. மீன் பிடிச்சுட்டு இருந்தவர். துணியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் எவ்வளவோ தடுத்தேன்."

கோசிமோவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னால் அந்த அம்மாள் மாட்டிக்கொண்டாளே என்று அவர் எழுந்து நின்றார். "அப்படி இல்லம்மா," என்றார் இங்க்ரிட்டிடம். "நான் வெறும் கை. இவங்கதான் கூடவே நின்னு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. பாராட்டோ திட்டோ, இவங்களைத்தான் சேரும்."

"பொய்!" என்று நெரிடா கத்தினாள். "நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல! ரெண்டு தடவை இவர் தைச்சார், ரெண்டு தடவையும் நான் கிழிக்கத்தான் பார்த்தேன். அங்க பாருங்க கத்தரி, மூக்கு வளைஞ்சு கிடக்கு. வேணும்னா எழுதியே தரேன், கையெழுத்துப் போட்டுத் தரேன். இந்தத் தையலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

இங்க்ரிட் வளைந்த கத்தரியைப் பார்த்தார். கோசிமோவின் வீங்கிய விரல்களைப் பார்த்தார். நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றார். "கிழிக்க எங்ககிட்ட ஒன்பது பேர் இருக்காங்க, இப்படித் தைக்கத்தான் ஆள் இல்லாம தேடிட்டிருந்தேன், ஜாக்கெட் மடியில விழுந்தப்பவே வேலை உங்களுக்குன்னு எழுதிட்டேன், பேரை மட்டும் மாத்திக்கறேன்."